செயோய் நாகே: தோள் வீச்சைச் செம்மைப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூடோவில் தோள் வீச்சின் படிகள் எல்லாம் தெரியும், சோடி அசையாமல் நின்றால் அழகாக வீசவும் முடியும், ஆனால் ரந்தோரியில், அதாவது இருவரும் சுதந்திரமாக மோதிப் பழகும்போது, எதிராளி விழ மறுக்கிறார். இந்தக் கட்டத்தில் சிக்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருகோணமலையில் மாலை நேரங்களில் மெத்தை விரித்துப் பிள்ளைகளுக்குப் பழக்கும்போது அடிக்கடி கண்ணில் படும் பிழைகளையும், அவற்றை எந்த ஒழுங்கில் திருத்தினால் பலன் கிடைக்கிறது என்பதையும் முடிந்தவரை விரிவாகச் சொல்கிறேன். ஜூடோவை இன்றுதான் தொடங்குபவர் இதை வாசித்துவிட்டு யாரையும் தூக்க முயலக் கூடாது. விழப் பழகிய பிறகு வாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய கொடோகன் பள்ளி, செயோய் நாகேயைக் கை நுட்பங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. இடுப்பு நுட்பங்களிலோ முதுகால் தூக்கும் நுட்பங்களிலோ அதைச் சேர்க்கவில்லை. 1920இல் திருத்தி ஒழுங்குபடுத்திய 40 வீச்சுகளில் முதல் தொகுதியின் எட்டில் இதுவும் ஒன்று. பார்க்கும்போது முதுகும் முழங்காலும்தான் வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் எதிராளியை நிலைகுலைத்து உங்கள் முதுகுக்குக் கொண்டு வந்து சேர்ப்பவை இரண்டு கைகளும்தான், அதிலும் குறிப்பாகச் சட்டைக்கையைப் பிடித்திருக்கும் கை. வீச்சு வராதபோது பெரும்பாலானோர் முதுகைத் திருத்தப் பார்க்கிறார்கள். பிழையோ அதற்கு அரை வினாடி முன்னால், அந்தக் கையில் நடந்து முடிந்திருக்கும்.

இந்தக் கட்டுரை முழுவதும் வலது பக்கம் வீசுபவரை நினைத்தே எழுதுகிறேன். இடது கைக்காரர் பக்கங்களை மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

எந்த வகையைத் திருத்துவது

பொதுவாக மூன்று வகை பழக்கத்தில் உண்டு. மொரோதே செயோய் நாகேயில் இரண்டு கைகளும் பிடியை விடுவதில்லை. வலது கை கொலரைப் பிடித்தபடியே மடங்கி, முழங்கை எதிராளியின் வலது கமுக்கட்டுக்குக் கீழே போகும். இப்பொன் செயோய் நாகேயில் வலது கை கொலரை விட்டுவிட்டு, எதிராளியின் வலது கமுக்கட்டுக்குள் நுழைந்து மேற்கையை இறுக்கிப் பிடிக்கும். எரி செயோய் நாகேயில் சட்டைக்கையைப் பிடித்த அதே பக்கத்துக் கொலரை வலது கையால் பிடித்து வீசுவார்கள்.

பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்பொன்னில் தொடங்குவதையே நான் விரும்புகிறேன். மொரோதேயில் முழங்கை சரியான இடத்துக்குப் போகாவிட்டால், எதிராளியின் முழுப் பாரமும் வளைந்த முழங்கையில் இறங்கும். வளரும் மூட்டுக்கு அது நல்லதல்ல. வளர்ந்தவர்கள் மொரோதேயில் நேரம் செலவழிப்பது வீண் போகாது. பிடியை விடாமலே வீச முடிவதால், வீச்சு பிசகினாலும் அடுத்த நுட்பத்துக்குக் கை தயாராக இருக்கும்.

பிடி

இடது கை எதிராளியின் வலது சட்டைக்கையை முழங்கைக்குப் பக்கத்தில், வெளிப்பக்கத் தையலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். சின்னவிரலும் மோதிரவிரலும் இறுக்கமாக, பெருவிரலும் சுட்டுவிரலும் கொஞ்சம் இலகுவாக இருக்கட்டும். ஐந்து விரலாலும் நெரித்துப் பிடித்தால் முன்னங்கை இரண்டு நிமிடத்தில் களைத்துவிடும். மணிக்கட்டும் திரும்பாது.

வலது கை கொலரை எதிராளியின் காறை எலும்பு மட்டத்தில் பிடிக்கட்டும். மொரோதேக்கு மிக உயரப் பிடித்தால் முழங்கையைக் கமுக்கட்டுக்குக் கீழே கொண்டுபோக இடம் போதாது. மிகத் தாழப் பிடித்தால் எதிராளியின் மேலுடம்பு உங்களோடு வராது. உங்களைவிட உயரமானவரோடு பழகும்போது காறை எலும்புக்கு நான்கு விரல் கீழே பிடித்துப் பாருங்கள்.

இழுக்கும் கை

இங்கே ஆறுதலாக நில்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்குச் சமமாகாது.

இடது கை எதிராளியின் சட்டைக்கையை முன்னோக்கியும் மேல்நோக்கியும் இழுக்க வேண்டும். உங்கள் கை உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். முழங்கை உயர்ந்து, மணிக்கட்டு வெளியே திரும்பி, கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பது போல உள்ளங்கை வெளிப்புறமாகப் போக வேண்டும். அப்படி இழுக்கும்போது எதிராளியின் கமுக்கட்டு திறக்கும், அவருடைய பாரம் வலது கால் விரல்களுக்கு வரும், குதி மெத்தையை விட்டு எழும்பும். நீங்கள் நுழைவதற்கான வாசல் அப்போதுதான் திறக்கிறது.

நமது பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து வரும் பெடியன்களில் சிலர் வீட்டாரோடு கரைவலை இழுத்துப் பழகியவர்கள். கையில் அபாரமான பலம். ஆனால் கரைவலைக் கயிற்றை இடுப்பு மட்டத்தில் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். மெத்தையிலும் அந்தக் கை தன்னாலே இடுப்புக்குத்தான் போகும். எதிராளியின் முழங்கை கீழே இறங்கி விலாவோடு ஒட்டிக்கொள்ளும், கமுக்கட்டு மூடும், உள்ளே நுழைய வழியிருக்காது. பலமுள்ளவரிடம் இந்தப் பிழை கூடுதலாக ஒளிந்திருக்கும். சோடி இலேசானவராக இருந்தால் பிழையோடேயே தூக்கி எறிந்துவிடலாம் அல்லவா? அதனால் அவருக்குத் திருத்த வேண்டிய தேவை தெரிவதில்லை. தன் எடைக்காரரோடு போட்டியில் நிற்கும்போதுதான் வீச்சு பாதியில் நிற்கும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னார்: “சேர், நல்லாக் குனியிறன், ஆனா தூக்க ஏலாம இருக்கு.” அவருடைய சோடியின் காலைப் பார்த்தேன். இரண்டு குதியும் மெத்தையில் அழுந்தியபடியே இருந்தன. “குனியாத பிள்ளை. முதல்ல அவட குதி எழும்புதா எண்டு மட்டும் பார்” என்றேன். திரும்புவதை விட்டுவிட்டு, இடது கையால் மேலே இழுப்பதை மட்டும் பல தடவை செய்ய வைத்தேன். முதலில் சட்டைத் துணி மட்டும் இழுபட்டது, கை வரவில்லை. சின்னவிரலை இறுக்கித் துணியில் இருந்த தொய்வை எடுத்த பிறகு இழுக்கச் சொன்னேன். அப்போது சோடியின் வலது தோள் முன்னால் வந்தது, அதன் பிறகு குதி எழும்பியது. அதே கையோடு உள்ளே திரும்பியதும் சோடி முதுகில் ஏறிவிட்டார். குனிய வேண்டிய தேவையே வரவில்லை.

ஆக, இந்தப் படியில் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். துணியின் தொய்வை எடுத்துவிட்டா இழுக்கிறீர்கள்? கை கண் மட்டத்துக்கு வருகிறதா? சோடியின் குதி எழும்புகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சோடியிடமே கேளுங்கள். தன் பாரம் எங்கே போனது என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இன்னொன்று. திரும்பும்போதும் திரும்பி முடித்த பிறகும் இந்த இழுவை ஒரு கணம்கூட நிற்கக் கூடாது. பலர் தொடக்கத்தில் நன்றாக இழுப்பார்கள். உடம்பைத் திருப்பும்போது கவனம் காலுக்குப் போய்விடும், கை தளர்ந்துவிடும். அந்த இடைவெளியில் எதிராளி நிமிர்ந்து இடுப்பை முன்னால் தள்ளிவிடுவார். அதோடு வீச்சு முடிந்த கதைதான்.

கால்கள்

இடது கை மேலே போகத் தொடங்கும் அதே நேரத்தில் வலது காலின் முன்பாதத்தை எதிராளியின் வலது கால் விரல்களுக்கு முன்னால், கொஞ்சம் உட்பக்கமாக வையுங்கள். அவருடைய விரல்களுக்கும் உங்கள் பாதத்துக்கும் இடையே அரை அடியளவு இடம் இருக்கட்டும். வலது முன்பாதத்தில் உடம்பை இடப்பக்கமாகத் திருப்பி, இடது காலை உங்களுக்குப் பின்னால் இழுத்து, எதிராளியின் இடது காலுக்கு முன்னால் உட்பக்கமாக வையுங்கள். இப்போது இரண்டு பேரின் கால் விரல்களும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். உங்கள் பாதங்கள் அவருடைய பாதங்களுக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

வலது காலை மிக ஆழமாக, அவருடைய கால்களுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தால், திரும்பும்போது இடுப்பு அவரை முட்டிப் பின்னால் தள்ளும். இழுத்து முன்னால் கொண்டு வந்தவரை நீங்களே திரும்ப நிமிர்த்திவிட்டதாக ஆகும். மிகத் தூரத்தில் வைத்தால் உங்கள் முதுகுக்கும் அவருடைய நெஞ்சுக்கும் இடையே வெளி விழும். அந்த வெளியை மூட நீங்கள் பின்னால் சாய்வீர்கள், அவர் உங்களை அப்படியே பின்னால் இழுத்து விழுத்திவிடலாம். எது உங்கள் பிழை என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. திரும்பி முடித்து அப்படியே நில்லுங்கள், சோடியை விலகச் சொல்லுங்கள். அவர் விலகியதும் நீங்கள் பின்னால் தள்ளாடினால் கால் தூரத்தில் இருக்கிறது. சோடி விலகுவதற்கு முன்பே பின்னால் நகர்ந்துவிட்டிருந்தால் கால் ஆழமாகப் போய்விட்டது.

இடது கால் கடைசியாக வருவதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. அது பாதி வழியில் நின்றுவிட்டால் உடம்பு முக்கால்வாசிதான் திரும்பியிருக்கும். அப்போது வீச்சு முன்னால் போகாமல் பக்கவாட்டில் போகும். பாதம் பாதியும் முழங்கால் முழுவதுமாகத் திரும்புவதால் முழங்காலுக்கும் கேடு. மெத்தையில் சாக்கட்டியால் நான்கு புள்ளிகள் வைத்து, சோடியின் கால்களுக்கு இரண்டு, உங்கள் கால்களுக்கு இரண்டு என்று பழகுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிபடுகிறது.

குதி எப்போதும் மெத்தையில் பாரமாக ஊன்றியிருக்கக் கூடாது. பாரம் முன்பாதத்தில் இருக்கட்டும்.

எதிராளி உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்போது இன்னொரு நுழைவு பொருத்தமாக இருக்கும். வலது காலை முன்னால் வைப்பதற்குப் பதிலாக, இடது காலை முதலில் வட்டமாகப் பின்னால் எடுத்து, அவர் வரும் வேகத்தை முன்னால் இழுத்தபடியே திரும்புவது. அவருடைய தள்ளுதலே பாதி வேலையைச் செய்துவிடும். அடிப்படை நுழைவு கைவந்த பிறகு இதையும் பழகுங்கள்.

வலது கை

மொரோதேயில் கொலரைப் பிடித்த மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், பின்னால் முறிந்து மடங்கக் கூடாது. திரும்பும்போது முழங்கை கீழிருந்து மேல்நோக்கி, எதிராளியின் வலது கமுக்கட்டுக்குக் கீழே சென்று நிற்க வேண்டும். முழங்கை அவருடைய நெஞ்சிலோ மேற்கையிலோ சிக்கிக்கொண்டால், அந்த நிலையில் ஒருபோதும் வீசி முடிக்காதீர்கள். விட்டுவிட்டு வெளியே வாருங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் வரும் வலிக்கு இந்தப் பிழைதான் முக்கிய காரணம். முழங்கை உள்ளே போகாததற்குக் காரணம் அநேகமாக வலது கையில் இருக்காது. இடது கை எதிராளியின் கையை உயர்த்தவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும்.

இப்பொன்னில் வலது கையைக் கமுக்கட்டுக்குள் ஆழமாக விட்டு, உங்கள் முழங்கை மடிப்பால் அவருடைய மேற்கையை இறுக்க வேண்டும். கை மேல்நோக்கி, முட்டி உங்கள் தோளுக்கு மேலே பார்க்கட்டும். அவருடைய மேற்கைக்கும் உங்கள் தோளுக்கும் இடையே காற்றுப் புகக்கூட இடம் இருக்கக் கூடாது. வலது கை கொலரை விட்ட கணத்தில் உங்களிடம் இருப்பது இடது கையின் பிடி ஒன்றுதான். அதனால் இப்பொன்னில் இழுக்கும் கை தளர்ந்தால் தண்டனை உடனே கிடைக்கும்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவில் முழங்கால் காயத்தோடு தங்கம் வென்ற ஜப்பானிய வீரர் தொஷிஹிகோ கோகாவின் இப்பொன் செயோய் நாகே இன்றும் பாடமாகப் பார்க்கப்படுகிறது. 1990இல் எடைப் பிரிவில்லாத அனைத்து ஜப்பான் போட்டியில் அந்த உடம்போடு இறுதிச் சுற்று வரைக்கும் போனவர் அவர். அவருடைய பழைய போட்டிகளின் காணொளிகளை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எறிவதைப் பார்க்காதீர்கள். எறிவதற்கு முன் எதிராளியின் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

முழங்கால், இடுப்பு, தலை

திரும்பி முடிக்கும்போது முழங்கால்கள் மடிந்து, உங்கள் இடுப்பு எதிராளியின் பெல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். முதுகை வளைத்துக் கீழே போவதும் முழங்காலை மடித்துக் கீழே போவதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் வளைந்த முதுகால் மேலே தள்ள முடியாது. எதிராளியின் நெஞ்சும் உங்கள் முதுகில் ஒட்டாது.

முழங்கால்கள் கால் விரல்கள் காட்டும் திசையிலேயே மடிய வேண்டும். ஒன்றையொன்று முட்டுவதுபோல உள்ளே சாயக் கூடாது. பெண் பிள்ளைகளையும் வேகமாக உயரம் வளரும் பெடியன்களையும் பழக்குபவர்கள் இதைக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க வேண்டும்.

தலை, திரும்பும் திசையான இடப்பக்கம் பார்க்கட்டும். கண் இடது கையைத் தொடர்ந்தால் தலை தன்னாலே சரியாகும். நிலத்தைப் பார்த்தால் தலை தொங்கும், தலையோடு உடம்பும் முன்னால் மடங்கும். தலையை மெத்தையில் ஊன்றி வீசுவது எக்காரணம் கொண்டும் கூடாது. கழுத்து எலும்புக்கு ஆபத்து என்பதால் போட்டியிலும் அதற்குத் தண்டனை உண்டு.

வீசி முடித்தல்

எதிராளி முதுகில் ஏறியதும் முழங்கால்களை நீட்டி, இரண்டு கைகளாலும் முன்னால் இழுத்து, உடம்பை இடப்பக்கமாகத் திருப்புங்கள். கண் மட்டத்தில் இருந்த இடது கை இப்போதுதான் உங்கள் இடது இடுப்புக்கு வர வேண்டும். விழுந்த பிறகும் சட்டைக்கையை விடாதீர்கள். அதைப் பிடித்து மேலே தாங்கினால் சோடி முதுகில் விழுவார், அவருடைய இடது கை மெத்தையை அடிக்கச் சுயாதீனமாக இருக்கும். விட்டுவிட்டால் அவர் தோளிலோ தலையிலோ விழக்கூடும். போட்டியிலும் கட்டுப்பாடு இல்லாத வீச்சுக்கு இப்பொன் எனும் முழுப் புள்ளி கிடைக்காது.

பழகும் ஒழுங்கு

தனியாகப் பழக, பழைய சைக்கிள் ரியூப் ஒன்றைத் தூணிலோ மரத்திலோ நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து, இடது கையைக் கண் மட்டத்துக்கு இழுத்தபடி திரும்புங்கள். ரியூப் உங்கள் கையைத் திரும்பவும் கீழே இழுக்கும், அதை எதிர்த்து நிற்கப் பழகுவதுதான் பயன். பத்துத் தடவை மெதுவாகச் செய்து ஓய்வெடுத்து, மூன்று நான்கு சுற்றுகள் போதும். நூறு தடவை அவசரமாகச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. களைத்த கை கீழேதான் போகும், கீழே போகும் கையைத்தான் உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளும்.

சோடியோடு உச்சிகோமி, அதாவது எறியாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுதல், செய்யும்போது, முதல் பத்துத் தடவை இழுவை மட்டும், அடுத்த பத்து இழுவையும் வலது காலும், அடுத்த பத்து முழு நுழைவு. சோடி மரம்போல நிற்கவும் கூடாது, தானே முதுகில் ஏறி உதவவும் கூடாது. சாதாரணமாக நின்று, நிலை குலைந்தால் குலைய விட வேண்டும். இப்படி நிற்கத் தெரிந்த சோடி கிடைப்பது பெரிய விஷயம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருக்கும் நீங்கள் அதேபோல நின்று கொடுங்கள்.

நுழைவு சரியாக வந்த பிறகு மூன்று பேர் உச்சிகோமி. மூன்றாமவர் சோடிக்குப் பின்னால் நின்று பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் முழு வேகத்தில் நுழைந்து, சோடியின் கால் மெத்தையை விட்டு எழும்பும் வரை தூக்கலாம், ஆனால் எறிய முடியாது. கால், முழங்கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் பலம் ஏற இதைவிட நல்ல பயிற்சி இல்லை. இழுவை பிழைத்தபடி இதைச் செய்தால் இடுப்பு வலிதான் மிச்சம்.

பிறகு நடந்துகொண்டே உச்சிகோமி. சோடி முன்னால் மூன்று எட்டு வருவார், மூன்றாவது எட்டில் அவருடைய வலது கால் பதியும் தருணத்தில் நுழையுங்கள். அப்புறம் தடித்த மெத்தையில் நாகேகோமி, அதாவது முழுமையாக எறிந்து பழகுதல். தடித்த மெத்தை இல்லாத இடங்களில் இரண்டு அடுக்கு தத்தாமி (வழமையான ஜூடோ மெத்தை) போட்டு, எறியும் எண்ணிக்கையைக் குறையுங்கள். விழுபவரின் உடம்பும் உங்கள் பொறுப்பு.

ரந்தோரியில் வீச

எதிராளி எப்போது விழுவார்? உங்களைத் தள்ளும்போது, வலது காலை முன்னால் வைக்கும்போது, பின்னால் இழுபட்டவர் நிமிர்ந்து மீளும்போது. இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் நேரே நிற்பவரிடம் செயோய் நாகே போவது பலத்தை வீணாக்குவது. அந்தத் தருணத்தை உண்டாக்கவும் முடியும். எதிராளியின் காலை உட்பக்கமிருந்து வாரும் ஓஉச்சி காரியாலோ கோஉச்சி காரியாலோ தாக்குங்கள். அவர் பின்னால் சாய்ந்து, விழாமல் தப்பித்து, பாரத்தை முன்னால் கொண்டு வருவார். அந்தக் கணத்தில் உங்கள் இடது கை ஏற்கெனவே மேலே போய்க்கொண்டிருக்க வேண்டும். கோஉச்சியிலிருந்து செயோய் நாகே, திருகோணமலைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்கும் சேர்க்கை. கால் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் தூரம் குறைவு.

மறுபுறமும் பாருங்கள். செயோய் நாகேயைத் தடுக்க எதிராளி இடுப்பை முன்னால் தள்ளிப் பின்னால் சாய்வார். சாய்ந்தவரைக் கோஉச்சியால் பின்னால் விழுத்தலாம். முன்னால் ஒரு மிரட்டல், பின்னால் ஒரு மிரட்டல் இருக்கும்போதுதான் தோள் வீச்சு பயமுறுத்தும் ஆயுதமாகிறது.

எதிராளி இடது கைக்காரராக இருந்தால் அவருடைய கொலர்க் கை உங்கள் கைக்கு உள்ளே வந்து தோளைத் தள்ளி நிற்கும். மொரோதே அங்கே கடினம். சட்டைக்கையை முதலில் வென்று பிடித்து, இப்பொன் நுழைவதே நல்லது. சட்டைக்கை கையில் இல்லாமல் நுழையாதீர்கள்.

2013 முதல் சர்வதேச விதிகளில் நின்ற நிலையில் காலைக் கையால் பிடிப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதனால் நீங்கள் முதுகு காட்டித் திரும்பும்போது எதிராளி உங்கள் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார் என்ற பழைய பயம் இப்போது தேவையில்லை. துணிந்து முழுதாகத் திரும்பலாம். ஆனால் திரும்பி நின்றுவிட்டால் கழுத்தைப் பிடித்து நெரிக்க அவருக்கு வழி திறந்திருக்கும். நுழைந்தால் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் உடனே திரும்பி முகம் பார்க்க வேண்டும்.

இரண்டு முழங்காலும் மெத்தையில் விழும்படி இறங்கி வீசும் முறையைப் போட்டிகளில் நிறையக் காண்கிறோம். பிள்ளைகள் அதைக் காணொளியில் பார்த்துவிட்டு வந்து உடனே செய்யப் பார்க்கிறார்கள். ஜப்பானில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் போட்டிகளில் தொடக்கத்திலேயே இரண்டு முழங்காலையும் ஒன்றாக ஊன்றி வீசுவது தடை. விழுபவர் தலைகீழாக, தற்காத்துக்கொள்ள நேரமில்லாமல் விழுவார் என்பது ஒரு காரணம். வீசுபவரின் முழங்கால் அடிபடுவது இன்னொன்று. நின்றபடி வீசத் தெரியாதவருக்கு இதைப் பழக்குவதில்லை என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். குனிந்து தப்பிக்கும் வழியாக அது மாறிவிட்டால், இழுக்கும் கை ஒருபோதும் வளராது.

நமது வெயிலிலும் மணலிலும்

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது பின்னேரம் நான்கு மணிக்கும் கூரைத் தகடு கொதித்துக்கொண்டிருக்கும். தடித்த ஜூடோ உடைக்குள் வியர்வை ஓடும், சட்டைக்கை வழுக்கும், மெத்தையும் வழுக்கும். வழுக்கும் மெத்தையில் முன்பாதத்தில் திரும்புவது முழங்காலுக்கு ஆபத்து. நுட்பம் திருத்தும் பயிற்சியைக் காலை ஐந்தரைக்கோ மாலை ஆறு மணிக்குப் பிறகோ வையுங்கள். சுற்றுக்குச் சுற்று மெத்தையைத் துடையுங்கள். தாகம் வரும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள், நிறைய வியர்த்தால் கொஞ்சம் உப்புக் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.

மெத்தை கிடைக்காத நாட்களில் டச்சு பே கடற்கரையிலோ உப்புவெளியிலோ பழகலாம், ஆனால் எதைப் பழகுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். உலர்ந்த மென்மணலில் பாதம் புதையும், உடம்பு திரும்பும்போது பாதம் திரும்பாது, முறுக்கு முழங்காலில் ஏறும். அங்கே ஓடலாம், துள்ளலாம், சோடியை முதுகில் சுமந்து நடக்கலாம். திரும்பும் நுழைவு வேண்டாம். அலை வந்து போகும் ஈரமணலில் மெதுவாகக் கால் வைக்கும் ஒழுங்கைப் பழகலாம், பதிந்த தடத்தைப் பார்த்து எந்தக் கால் எங்கே விழுந்தது என்று திருத்திக்கொள்ளலாம். சாக்கட்டிப் புள்ளிகள் செய்யும் வேலையை அந்தத் தடம் இன்னும் நேர்மையாகச் செய்யும். ஈரமணல் கட்டாந்தரைபோல இறுகியிருக்கும், அதில் யாரையும் எறியாதீர்கள்.

மாரியில் வாடை தொடங்கிவிட்டால் மெத்தையைக் காயவைப்பதே பெரிய பாடு. ஈரம் பிடித்த மெத்தை மணக்கும், தோலில் படை பரவும். மழை விட்ட நேரம் சுவரில் சாய்த்து இரண்டு பக்கமும் காற்றாட விடுங்கள்.

வலி வந்தால்

முழங்கை உட்பக்க வலி வந்தால் மொரோதேயை நிறுத்தி, வலி போகும் வரை இப்பொன்னும் ரியூப் இழுவையும் மட்டும் செய்யுங்கள். அந்த இழுவையிலும் வலித்தால் அதையும் நிறுத்துங்கள். முழங்கால் திரும்பும்போது வலித்தால் எண்ணெய் தடவிக்கொண்டு தொடர வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பில் வலி என்றால் பெரும்பாலும் வளைந்த முதுகோடு தூக்கியிருக்கிறீர்கள், மூன்று பேர் உச்சிகோமியை நிறுத்திவிட்டு இழுக்கும் கைப் பயிற்சிக்குத் திரும்புங்கள். விழுந்தவர் தலையில் அடிபட்டு, சிறிது நேரம் தலை சுற்றுகிறது என்று சொன்னால்கூட அன்றைய பயிற்சி அவருக்கு முடிந்தது. வாந்தி, மயக்கம், குழப்பம் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், பெற்றோருக்கும் உடனே சொல்லுங்கள்.

போட்டிக்கு முந்தைய வாரத்தில் புதிய திருத்தம் எதையும் தொடங்காதீர்கள். அந்த வாரம் பிடியும் இழுவையும், நன்றாக வரும் ஒரு சேர்க்கையும் போதும். மிச்சம் இருக்கும் பிழைகளை எழுதி வைத்து, போட்டி முடிந்த வாரம் இழுக்கும் கையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.